மைலேஜ் கணக்கும் எத்தனால் பழியும்

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் வண்டியை உப்பலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட வேண்டாம் :-)

பழைய கார் வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ஒன்றுதான். "இ-20 வந்ததிலிருந்து மைலேஜ் போச்சு சார்." 2025 ஆகஸ்டில் இது தேசிய அளவில் சண்டையானது. ஒரு பக்கம் "மைலேஜ் பாதியாகிவிட்டது" என்று கூச்சல். இன்னொரு பக்கம் "பெரிதாக ஒன்றும் குறையாது" என்று பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கம். இரண்டு பக்கமும் குரல் பெரிதாக இருந்ததே தவிர, தன் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் கொஞ்சம்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனாலுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்குக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் அது உங்கள் வண்டிக்குள் இருக்கும் கோளாறு. முழுப் பழியையும் எத்தனால் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தால், ஆயிரம், இரண்டாயிரத்தில் சரியாகிற கோளாறுக்கு மாதாமாதம் பெட்ரோல் பங்க்கில் தண்டம் அழுதுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எத்தனாலின் பங்கு எவ்வளவு?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. நாலு பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், கலவையில் 30-க்குக் கொஞ்சம் கீழே வரும். அதாவது ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. இதற்கு மேல் குறைப்பது எத்தனாலால் முடியாத காரியம்.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலும் இதே கணக்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு அளவு வைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றது. 10 சதவீதத்துக்கென்றே வடிவமைத்து 20-க்கு அளவு வைத்தவற்றில் 1, 2 சதவீதம்தான்.

ஆக, 15 கொடுத்த பழைய வண்டி 14 கொடுத்தால் கணக்கு நேராகிவிட்டது. எத்தனால் பேரில் எழுதி மூடிவிடலாம். 15 கொடுத்தது 11 கொடுத்தால்? ஒன்று எத்தனாலுக்கு. மீதி மூன்று எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். யார் பேரில் எழுதுவது என்று தெரியாமல் நிற்கும் தொகை. அப்படியே விட்டுவைத்தால் ஆடிட்டர் வந்து காதைத் திருகுவார். காருக்கு ஆடிட்டர் கிடையாது, அதனால் வருஷக்கணக்கில் நிற்கிறது.

தொகை என்று பார்த்தால் சின்னதும் இல்லை. மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறவருக்கு 14-க்கும் 11-க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 19 லிட்டர். 2025-ல் ஹைதராபாத்தில் லிட்டர் 107 ரூபாய்க்கு மேல், சென்னையை விட ஆறேழு ரூபாய் கூட. மாதம் 2,000 ரூபாய். ஒரு பென்ஷன்காரர் வீட்டில் அது மருந்துச் செலவு.

முதலில் அளவு, அப்புறம் வைத்தியம்

"முன்னாடி பதினாறு குடுத்துச்சு சார்" என்பார்கள். எப்போது அளந்தது என்று கேட்டால் பதில் வராது. விளம்பரத்தில் போட்டிருந்ததும், மச்சினர் வண்டி கொடுத்ததும் உங்கள் வண்டியின் கணக்கு ஆகாது.

ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். முதல் தடவை தானாக 'டக்'கென்று நிற்கும்வரை போடுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். ரவுண்டாக வரட்டும் என்று பையன் கூடுதலாக அமுக்கினால் கணக்கு கெட்டது. மீட்டரைக் குறித்துக்கொண்டு, 300 கி.மீ.யாவது ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் தடவை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால்தான் அது எண்.

நகரக் கணக்கு ஒன்று, நெடுஞ்சாலைக் கணக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. உப்பல்காரர்களுக்கு வசதி இருக்கிறது. விடிகாலையில் யாதகிரிகுட்டா போய் நரசிம்மரைச் சேவித்துவிட்டு வந்தால் சுமார் நூறு கி.மீ. புண்ணியத்துக்குப் புண்ணியம், கணக்குக்குக் கணக்கு. ஒரு டேங்க்கை அப்படியே இரண்டு மூன்று தடவையில் தீர்க்கலாம்.

நெடுஞ்சாலையில் நன்றாகக் கொடுத்து ஊருக்குள் மட்டும் குறைந்தால் முதல் சந்தேகம் போக்குவரத்து மேல். ரிங் ரோடு சிக்னலில் ஏசியோடு நிற்கும் வண்டி, ஓடாமலேயே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிறது. 2018-ல் உப்பல் - நாரபள்ளி மேம்பால வேலை தொடங்கி, வருஷக்கணக்கில் இழுத்து, வரங்கல் சாலையை என்ன பாடு படுத்தியது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அதில் தினமும் போய்வந்தவரின் வண்டியைக் குறை சொல்வது பாவம். இரண்டு இடத்திலும் குறைந்தால்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை ஏமாற்றுவது யார்?

கார்புரேட்டர் காலத்தில் ஸ்க்ரூவைத் திருப்பினால் பெட்ரோல் கூடும், குறையும். மெக்கானிக்கின் காதுதான் மீட்டர். 1998-ல் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது எம்பிஎஃப்ஐ என்ற நாலெழுத்தை எல்லோரும் மந்திரம் மாதிரி உச்சரித்தார்கள். 1999-ல் தில்லி வட்டாரத்துக்கு உச்ச நீதிமன்றம் யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் நாடு முழுக்க முதல் கட்ட விதி வந்தது. கார்களில் கார்புரேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றது.

இந்த முறையில் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது ஈசியூ என்கிற சின்ன கம்ப்யூட்டர். அதற்குக் கண் கிடையாது. நாலைந்து சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்பும். எங்கள் கிளை கம்ப்யூட்டர் மாதிரிதான். தப்பான என்ட்ரி போட்டால் தப்பான பேலன்ஸைப் பைசா சுத்தமாகக் காட்டும். பழைய இன்ஜெக்ஷன் வண்டியில் ஈசியூ கெட்டுப்போவது அபூர்வம். அதனிடம் பொய் சொல்வது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

அதற்கும் முன்னால், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களைக் கழித்துவிட வேண்டும். காசு குறைவானதிலிருந்து தொடங்கி என் வரிசை இது:

1. டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன் அடிக்க வேண்டும். மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காத வண்டியில் 30 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருப்பது சகஜம்.

2. பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. பிரேக்கை அதிகம் போடாமல் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீலுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம், சுடும்). ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் ஆள் அகப்பட்டான். கூடவே கிளட்ச். மேட்டில் ஆக்சிலரேட்டர் அமுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

3. தெர்மோஸ்டாட். என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பழைய வண்டிகளில் முதல் குற்றவாளி இதுதான். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் கூலன்ட் போகாமல் அடைத்து வைப்பது இதன் வேலை. பெரும்பாலும் 82 டிகிரி வாக்கில் திறக்கும். எப்போதோ ஒரு தடவை வண்டி ஓவர்ஹீட் ஆகியிருக்கும். "எண்டல்லோ இதி எந்துக்கு சார்", வெயில் ஊரில் இது எதற்கு என்று சொல்லி ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்திருப்பார். அன்றிலிருந்து இன்ஜின் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. ஈசியூ என்ன நினைக்கும்? இன்னும் காலைக் குளிர்தான் என்று நினைத்து, சூடேற்றுவதற்காகக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். இருபது நிமிஷம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் கால்வாசிக்குக் கீழேயே படுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். தெர்மோஸ்டாட் சரியாக இருந்து இது பொய் சொன்னாலும் அதே கதை. பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியூவுக்கு வேறொரு சென்சார். அதனால் முள் சரியாக நிற்பதை மட்டும் வைத்து இதை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும்.

5. ஆக்ஸிஜன் சென்சார். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, கலவையில் பெட்ரோல் கூடவா குறைவா என்று ஈசியூவுக்குச் சொல்வது இது. நல்ல சென்சாரின் வோல்டேஜ், சூடான பிறகு 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்கும். வயசானது மந்தமாகி ஒரே இடத்தில் நிற்கும். கெட்ட ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினால் 40 சதவீதம் வரை மைலேஜ் முன்னேறலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் "பெட்ரோல் பத்தவில்லை" என்று சொல்லும். ஈசியூ இன்னும் ஊற்றும். இங்கே சென்சார் நிரபராதி, இருநூறு ரூபாய் வெல்டிங்கோடு போகிற வேலை.

6. பிளக்கும் பெட்ரோல் பிரஷரும். பிளக் நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூட. பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கும் பழைய வண்டிகளில், அதன் வேக்யூம் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் ஓட்டை.

வரிசையில் ஏர் ஃபில்டர் இல்லையே என்று கேட்பீர்கள். அழுக்கு ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்துப் பார்த்ததில், இன்ஜெக்ஷன் வண்டிகளில் அடைத்த ஃபில்டரால் இழுவை குறைகிறதே தவிர மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. இன்ஜினின் ஆயுசுக்காக மாற்றுங்கள், மைலேஜ் ஏறும் என்று மாற்றாதீர்கள்.

புகைச் சோதனையைச் சோதனையாகச் செய்யுங்கள்

சாலையோரத்தில் நிற்கும் பொல்யூஷன் வேனை நாம் போலீஸுக்குக் காட்டும் காகிதம் கொடுக்கும் இடமாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் அது சொற்பக் காசில் கிடைக்கும் லேப் ரிப்போர்ட். பிஎஸ்-2, பிஎஸ்-3 கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிஎஸ்-4 முதல் 0.3. ஆரோக்கியமான வண்டி இந்த எல்லைக்கு ரொம்பக் கீழே நிற்கும். எல்லையை ஒட்டியோ தாண்டியோ வந்தால் இன்ஜின் பெட்ரோலை வீணடிக்கிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி. ஆனால் வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குழாய்க்குள் கம்பியை நிஜமாகவே விடச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து சர்டிபிகேட் கொடுத்தால் அது உங்களுக்குப் பிரயோஜனமில்லை.

ஒரு நேரடி உதாரணம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், கும்பகோணத்துக்காரர். 2007 மாடல் சின்ன கார். டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்கிய நாளிலிருந்து போட்ட பெட்ரோல் எல்லாம் அதில் மணிமணியான கையெழுத்தில் இருந்தது. 2016-ல் சராசரி 14.5. 2025 கடைசியில் 10.4. அதற்குள் ஒரு ஒர்க்ஷாப்பில் இன்ஜெக்டர் க்ளீனிங், பிளக், ஆக்ஸிஜன் சென்சார் என்று 14,000 ரூபாய் பில். மைலேஜ் அசையவில்லை. கடைசியில் "இது எத்தனால் சார், ஒண்ணும் பண்ண முடியாது, வண்டியை வித்துடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

"தம்பி, விக்கறதுக்கு மனசு வரலை. ஆனா கட்டுப்படியும் ஆகலை" என்றார்.

"சார், விக்கறது இருக்கட்டும். முள் எப்பவும் இங்கேதான் நிக்குதா?" என்று கேட்டேன்.

"ஆமா, நல்லதுதானே? கூலா ஓடுது."

வேறொரு மெக்கானிக்கிடம் திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. பின்வீல் ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. டயர் காற்று 22. எல்லாம் சரிசெய்ய கூலன்ட் உட்பட 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த மூன்று டேங்க்கின் சராசரி 12.9.

கணக்கைப் பாருங்கள். மொத்த வீழ்ச்சி 4.1. அதில் 2.5 திரும்பி வந்தது. 2016-ல் நாட்டின் சராசரிக் கலப்பு 4 சதவீதம்கூட இல்லை, 2025-ல் 20. அந்த வகையில் எத்தனாலுக்கு அதிகபட்சம் 1. மீதி 0.6 உப்பல் டிராஃபிக்குக்கும் இன்ஜினின் வயசுக்கும். மாதம் 500 கி.மீ. ஓட்டும் அவருக்கு மிச்சம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். "எத்தனால்" என்ற ஒரே வார்த்தையில் அந்த ஆயிரத்தையும் மூடி மறைத்திருப்பார்கள்.

இ-20 செய்யும் இன்னொரு குழப்பம்

ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் இடங்களில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் வரும். ஈசியூ தன் பழைய மனப்பாடத்தை விட எவ்வளவு சதவீதம் கூடவோ குறைவாகவோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பது அது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ-20-க்கு 13.5 வாக்கில் போதும். ஆகவே பெட்ரோலுக்கு அளவு வைத்த பழைய ஈசியூ, ஆக்ஸிஜன் சென்சார் சொல்லச் சொல்ல 7, 8 சதவீதம் கூடுதலாக ஊற்றியே ஆக வேண்டும். ஒரு கோளாறும் இல்லாத வண்டியிலேயே அந்த எண் பிளஸ்ஸில்தான் நிற்கும். விஷயம் தெரியாதவர் "இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்று பில் போடுவார். பிளஸ் 7, 8 இருந்தால் அது எரிபொருளின் குணம். பிளஸ் 15, 20 என்றால் காற்று ஒழுக்கோ, குழாய் ஓட்டையோ, பம்ப்போ தேடுங்கள். மைனஸில் இருந்தால் எங்கேயோ பெட்ரோல் தேவைக்கு மேல் கசிகிறது. (ரொம்பப் பழைய வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் ஈசியூவோடு பேசாது. அந்தக் கம்பெனியின் கருவி வேண்டும்.)

அப்படியானால் அரசு சொன்னது சரியா?

பாதி சரி. மைலேஜ் பாதாளத்துக்குப் போகாது என்பது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் அமைச்சகமே பழைய வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று ஒப்புக்கொண்டது. சில பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கி.மீ.க்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்றும் சொன்னது. அந்தச் செலவு யார் தலையில்? 2021 நிதி ஆயோக் அறிக்கை, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதப் பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும், மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருந்தது. 20 சதவீதத்தை 2025-லேயே எட்டியதைக் கொண்டாடியவர்கள் அந்த இரண்டு வரியைப் புரட்டிவிட்டார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்று போன பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சக்தி 7 சதவீதம் குறைந்த சரக்கை அதே விலைக்கு விற்றால் அதற்கு வியாபாரத்தில் பேர் விலையேற்றம். வாத்தியாரின் கணக்கில் அது மாதம் சுமார் 290 ரூபாய். பிடித்தம் செய்தால் ரசீது கொடு, இல்லை மாற்று வழி கொடு. இதைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். "பாதியாகிவிட்டது" என்று கத்தினால் "பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "என் வண்டியில் காற்று, பிரேக், தெர்மோஸ்டாட், சென்சார் எல்லாம் சரி, மூன்று டேங்க் சராசரி இவ்வளவு, குறைந்தது 6 சதவீதம்" என்று சொன்னால் அதை மறுக்க முடியாது. மெக்கானிக்கிடமும் அதே மாதிரிதான். பாகத்தை மாற்றுவதற்கு முன் என்ன ரீடிங், மாற்றிய பின் என்ன ரீடிங் என்று கேளுங்கள். ரீடிங் எடுக்கும் வேலைக்குத் தனியாக முந்நூறு, ஐந்நூறு கொடுக்கவும் தயங்காதீர்கள். கண்டுபிடிப்பதற்கு நாம் காசு தருவதில்லை, பாகத்துக்குத்தான் தருகிறோம். அதனால்தான் பாகத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பி.கு.: டாஷ்போர்டு பெட்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் வாங்கிப் போடுங்கள். காரில் மாட்டும் எந்த மைலேஜ் கருவியை விடவும் அதுதான் மலிவு :-)